எண்பத்து நான்கு ரூபாய்

மாதம் பன்னிரண்டாயிரம் எங்கேதான் போகிறது என்று
கேட்டது நான்தான்.
பதினான்கு மாத ரசீதுகளையும்
அரிசிவாளிக்குப் பின்னாலிருந்த கம்பியோடு
கொண்டுவந்து மேசையில் வைத்தாள் அம்சவேணி.
பாதித் தாள்கள் வெளுத்துவிட்டன.
டியூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடித்தால்
சாமான் பெயர் நிழலாய்த் தெரிகிறது.
ஞாயிறு முழுக்கப் படம் பிடித்தேன்.
ஓசூருக்கு வேலைக்குப் போகுமுன்
மகள் போனில் ஏற்றிக்கொடுத்த ஏஐ
ஒவ்வொன்றாய் விழுங்கிற்று.

மஞ்சக்குப்பம் நாடார் கடைச் சீட்டில்தான் திணறியது.
'து.ப. 1' என்றால் துணிப்பை என்றது.
துவரம்பருப்பு ஐயா, என்று தட்டினேன்.
மன்னிக்கவும், திருத்திக்கொண்டேன் என்றது.
இருபத்தாறு வருடத்தில் இந்த வீட்டில்
கணக்குக்காக ஒருவர் மன்னிப்புக் கேட்டது
அதுதான் முதல்முறை.

மீனுக்குச் சீட்டே இல்லை.
முதுநகரிலிருந்து வருகிற அஞ்சலாட்சி
எடை போடுவதில்லை, கூறு கட்டுகிறாள்.
ஒரு கூறு எத்தனை கிராம்? என்று கேட்டது.
கடலைப் பொறுத்தது என்று எழுதினேன்.
'மற்றவை'யில் போட்டுக்கொண்டது.
கொத்தமல்லிக் கொசுறும் அங்கேதான்,
விலை பூஜ்யம்.

ஒன்பதரைக்கு முடிவு வந்தது.
எண்ணெய் கூடுதல். பிஸ்கட் ரொம்பக் கூடுதல்;
அது நான், சிப்காட் இரவு ஷிப்டுக்கு.
கீழே சின்னதாய் ஒரு தலைப்பு:
நின்றுபோன பொருட்கள்.
நூடுல்ஸ், ஜூன் முதல் இல்லை.
நாப்கின், ஊதா உறை, ஜூன் முதல் இல்லை.
சரி, அது மகள்.
நாப்கின், பச்சை உறை, மார்ச் முதல் இல்லை.
மாதம் எண்பத்து நான்கு ரூபாய் மிச்சம்.
வாழ்த்துகள் என்று ஒரு பூங்கொத்து வேறு.

பிறகு கேட்டது:
வீட்டில் இரண்டு பேர் குறைந்திருக்கிறார்களா?

அடுக்களையில் குக்கர் கழுவுகிற சத்தம்.

நடுராத்திரியில் எழுந்து
பின்கதவைத் திறந்து நிற்பாள்.
கெடிலத்துப் பக்கம் காத்து வருதான்னு பாக்கறேன் என்பாள்.
ஆலை வாடைதான் வரும், சாத்து என்று
புரண்டு படுத்திருக்கிறேன்.
மார்கழிப் பனியில் ஃபேனை ஐந்தில் வைத்தாள்.
கரண்ட் பில்லைச் சொல்லிக் கத்தியிருக்கிறேன்.

புதிதாய்ச் சேர்ந்தவை என்று இன்னொரு பட்டியல்:
கறுப்பு உளுந்து அரைக் கிலோ. எள்.
மருந்துக்கடையில் கால்சியம், ஒரு அட்டை.
காரணம் தெரியவில்லை என்றிருந்தது.
அது அதைச் சொல்லலாம்.

போனைக் கவிழ்த்துவிட்டு உள்ளே போனேன்.
எங்கே ஆரம்பிப்பதென்று தெரியாமல்
'மார்ச்சுலயா?' என்றேன்.
குழாயை நிறுத்தாமல் ஒருதரம் பார்த்தாள்.
'மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் போனமே,
அதுக்கு முந்தின வாரம், அதோட சரி.
யார் சொன்னா?'
போன் இருந்த பக்கம் கையைக் காட்டினேன்.
'எவ்ளோ மிச்சமாம்?'
'மாசம் எண்பத்து நாலு.'

அவள் சிரித்த சிரிப்பில்
குக்கர் மூடி நழுவித் தொட்டியில் விழுந்தது.
'பத்து மாசம். எண்ணூத்தி நாப்பது.
வரவு வச்சிக்குங்க.'
அப்புறம் முந்தானையில் கையைத் துடைத்தபடி
'அஞ்சலாட்சிக்கு நூத்தம்பது பாக்கி,
அது அதுல வந்துச்சா?' என்றாள்.
வரவில்லை.

ராத்திரி இரண்டு மணிக்குப் பின்கதவு திறந்தது.
ஆலை வாடைதான்.
நானும் போய் நின்றேன்.